கிரானோலா காலைச் சாப்பாட்டுக்குச் சரியா? பாக்கெட்டின் பின்பக்கம் படிப்பவர்கள் வாருங்கள்

கோவைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது, தீர்ப்பு வேண்டும். என் கணவருக்கு முழு உடல் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை) 6.0 வந்தது. "பார்டர்ல இருக்கீங்க, இனிப்பையும் அரிசியையும் குறைங்க, தினமும் நடங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மாத்திரை எதுவும் இல்லை. அன்றிலிருந்து இட்லி, தோசைக்குத் தடை. அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள் என்று தேன், பாதாம் போட்ட கிரானோலா பாக்கெட் வாங்கி வந்துவிட்டார். தினமும் காலையில் ஒரு கிண்ணம், மேலே பால்.

மாமியார் ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டு, "இது தின்பண்டம்மா, இதைப் போய் டிபன்னு சாப்பிடறான்" என்கிறார். கணவரோ முன்பக்கத்தைக் காட்டுகிறார்: முழுதானியம், நார்ச்சத்து நிறைந்தது, பாமாயில் இல்லை, கொலஸ்ட்ரால் இல்லை. நான் பின்பக்கத்தைப் பார்த்தேன். 100 கிராமுக்கு 462 கலோரி, புரதம் 10 கிராம், கொழுப்பு 17, மொத்தச் சர்க்கரை 24, அதில் சேர்த்த சர்க்கரை 19, நார்ச்சத்து 7. ஒரு பரிமாறல் 40 கிராமாம். இதில் எதைப் பார்த்து நல்லது, கெட்டது என்று முடிவு செய்வது?

ரெண்டு_இட்லி:
மாமியார் சொன்னதே தீர்ப்பு. இழையைப் பூட்டிவிடலாம். ஆவியில் வெந்த இட்லியை ஒதுக்கிவிட்டு டப்பாவில் அடைத்து வருவதைத் தின்றால் எப்படி உருப்படும்?

பத்தியம்:
மேடம், நான் மருத்துவமனையில் உணவியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வி வாரம் தவறாமல் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கிரானோலா எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். ஓட்ஸ், கொட்டைகள், விதைகள் இவற்றில் எண்ணெயும் தேனோ சர்க்கரைப் பாகோ ஊற்றிப் பிசிறி, மிதமான சூட்டில் மொறுமொறுப்பாகும்வரை ஓவனில் வைக்கிறார்கள். ஓட்ஸ் நல்லது, பாதாம் நல்லது, பூசணி விதை நல்லது. அவற்றை ஒட்டவைக்கிற பாகுதான் பிரச்சினை. அந்த மொறுமொறுப்பும் கட்டி கட்டியாக இருப்பதும் பெரும்பாலும் சர்க்கரையாலும் எண்ணெயாலும் வருகிறவை.

ஓட்ஸின் பெருமை பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து. தினமும் 3 கிராம் அது உள்ளே போனால் கெட்ட கொலஸ்ட்ரால் ஓரளவு குறையும் என்பது நன்றாக நிரூபிக்கப்பட்ட விஷயம். இந்த நார்ச்சத்து இதய நோய் ஆபத்தைக் குறைக்கலாம் என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்ள அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997லேயே அனுமதி கொடுத்தது. ஆனால் அந்த 3 கிராமுக்குச் சுமார் 75 கிராம் ஓட்ஸ் சாப்பிட வேண்டும். உங்கள் பாக்கெட்டில் ஓட்ஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 45 சதவீதம் என்றால் 40 கிராம் கிரானோலாவில் ஓட்ஸ் 18 கிராம்தான். ஓட்ஸ் பெயரைச் சொல்லி விற்கிறார்கள், ஓட்ஸின் பலன் அதில் கால்வாசிகூட வராது.

அடுத்து, உள்ளடக்கப் பட்டியல். எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும் என்பது சட்டம். இங்கே ஒரு தந்திரம் நடக்கிறது. சர்க்கரையை ஒரே பெயரில் போட்டால் இரண்டாவது இடத்துக்கு வந்துவிடும். அதையே சர்க்கரை, தேன், குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், பிரவுன் ரைஸ் சிரப் என்று பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும். எல்லாவற்றையும் கூட்டினால்தான் உண்மை தெரியும். நல்ல வேளையாக நம் நாட்டு லேபிளில் சேர்த்த சர்க்கரை என்று தனி வரியே போட வேண்டும். அந்த வரியை மட்டும் பார்த்தால் போதும், முன்பக்கத்தைப் பார்க்கவே வேண்டாம்.

முன்பக்கம் என்றதும் ஒன்று. "கொலஸ்ட்ரால் இல்லை" என்பது பொய்யில்லை. தாவரப் பொருளில் கொலஸ்ட்ரால் எப்போது இருந்தது? "பாமாயில் இல்லை" என்றால் வேறு எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம்.

உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்ன கணக்கு: சேர்த்த சர்க்கரை, தேன், சிரப், பழச்சாறு எல்லாம் சேர்த்து அன்றாடச் சக்தியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. அந்த 5 சதவீதம் என்பது பெரியவர்களுக்கு நாள் முழுக்கச் சேர்த்தே சுமார் 25 கிராம்.

தராசு:
பத்தியம் சார் சொன்னதோடு ஒரு சின்ன வேலை. சமையலறைத் தராசு இருந்தால் எடுங்கள். காலிக் கிண்ணத்தை வைத்து பூஜ்யம் ஆக்கிவிட்டு, வழக்கமாகப் போடுகிற மாதிரியே உங்கள் வீட்டுக்காரரைப் போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் நான் போட்டுப் பார்த்தது 90 கிராம். அதையே 40 கிராமாகக் குறைத்தால் கிண்ணத்தின் அடியில் ஒரு படலம் மாதிரி கிடக்கிறது, மேலே பால் ஊற்றினால் மூன்று நான்கு கட்டி மிதக்கிறது. இதை ஒருவருக்கான காலை உணவு என்று பார்த்தால் யாருக்கும் சிரிப்புதான் வரும்.

உங்கள் பாக்கெட் கணக்கில் 90 கிராமுக்குச் சேர்த்த சர்க்கரை 17 கிராம், கலோரி 415. ஒரு டம்ளர் பாலும் சேர்ந்தால் ஐந்நூறைத் தாண்டும். 17 கிராம் என்றால் சுமார் நாலு டீஸ்பூன் சர்க்கரை. காபியில் அரை ஸ்பூன் கூடிவிட்டது என்று சண்டை போடுகிற வீட்டில் இது சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

கரிசல்காட்டான்:
நான் கோவில்பட்டிப் பக்கம். முதல் தடவை கிரானோலா சாப்பிட்டபோது எனக்குத் தோன்றியது, இது நம்ம ஊர்க் கடலை மிட்டாய்தானே என்று. கடலைக்குப் பதில் ஓட்ஸ், வெல்லப்பாகுக்குப் பதில் தேன்பாகு, துண்டு போடாமல் உதிர்த்துவிட்டிருக்கிறார்கள். கடலை மிட்டாயில் சத்து இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். எங்கள் மிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆனால் அதைக் கிண்ணத்தில் போட்டுப் பால் ஊற்றி, சர்க்கரைக்காரருக்கு டிபன் என்று யாரும் கொடுப்பதில்லை. சாயங்காலம் ஒரு துண்டு, அவ்வளவுதான். மாமியாரம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

சும்மா_வந்தேன்:
எல்லோரும் ஒரே பக்கம் நிற்பதால் நான் எதிர்ப்பக்கம் போகிறேன். எதற்குப் பதிலாக என்று கேட்காமல் ஒரு உணவு நல்லதா என்று பேசுவதில் அர்த்தமே இல்லை. நான் மேன்ஷன் அறையில் இருக்கிறேன். எனக்குக் காலை என்றால் ஒன்று பட்டினி, இல்லையென்றால் டீக்கடை போண்டா, இல்லையென்றால் கீழே மெஸ்ஸில் எண்ணெய் சொட்டுகிற பூரி. மாவு அரைத்துப் புளிக்கவைத்துத் தர யாரும் இல்லை. எனக்குக் கிரானோலாவும் ஒரு பாக்கெட் தயிரும் இருந்தால் பாத்திரம் கழுவுவது தவிர வேலையில்லை, பதினொரு மணிவரை பசிக்காது. கொட்டை, விதை என்று வேறு எப்போது நான் வாங்கித் தின்னப் போகிறேன்?

அப்புறம், இட்லியை இவ்வளவு தூக்கிப் பிடிக்க வேண்டாம். நாலு இட்லி, கெட்டித் தேங்காய்ச் சட்னி, கடைசியில் பொடி, எண்ணெய் என்று போவது எந்த வகையில் சர்க்கரைக்காரருக்கு ஏற்றது?

ரெண்டு_இட்லி:
தம்பி, என் பெயரைப் பாருங்கள். ரெண்டு. நாலு இல்லை.

பத்தியம்:
சும்மா_வந்தேன் கேட்டது நியாயமான கேள்வி, அதை அப்படியே தள்ளிவிட முடியாது. இட்லி மாவில் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்கிற அளவில்தான் பல வீடுகளில் போடுகிறார்கள். வெந்தபின் அது மென்மையான மாவுச்சத்து, சீக்கிரம் ரத்தத்தில் சேரும். புளித்தது, ஆவியில் வெந்தது, எண்ணெய் இல்லாதது என்பதெல்லாம் உண்மை. ஆனால் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு எண்ணிக்கையும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். இரண்டு இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம், ஒரு முட்டையோ சுண்டலோ என்றால் நான் மறுக்க மாட்டேன். ஐந்து இட்லியும் சட்னியும் என்றால் கிரானோலாவைப் பார்த்துச் சிரிக்க அதற்குத் தகுதி இல்லை.

மேன்ஷன் தம்பிக்கு: வயது இருபதுகளில் இருக்கும், நன்றாக நடப்பீர்கள், பிரச்சினை இல்லை. ஆனால் கோவைக்காரி மேடத்தின் கணவர் அரிசியைக் குறைக்கச் சொன்னதற்காகச் சர்க்கரையைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். அவர் விஷயத்தில் இந்த மாற்றம் நஷ்டம்தான்.

லண்டன்_மழை:
இங்கே பிரிட்டனில் பல பாக்கெட்டுகளின் முன்பக்கம் போக்குவரத்து விளக்கு மாதிரி சிவப்பு, மஞ்சள், பச்சை போட்டிருப்பார்கள். 100 கிராமில் மொத்தச் சர்க்கரை 22.5 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு, 5 கிராமும் அதற்குக் கீழும் பச்சை. கொழுப்பு 17.5 கிராமுக்கு மேல் சிவப்பு. கோவைக்காரி, உங்கள் பாக்கெட் இங்கே விற்றால் சர்க்கரைக்குச் சிவப்பு வாங்கும், கொழுப்பில் மயிரிழையில் தப்பிக்கும். அந்தக் கொழுப்பு பாதாமிலிருந்து வந்திருந்தால் எனக்குக் கவலையில்லை. சாக்லேட் துண்டு போட்டதென்றால் அது வேறு கதை.

ஒரு எச்சரிக்கை: இந்த விளக்கு மொத்தச் சர்க்கரையைப் பார்க்கிறது, உலர்திராட்சையில் இருக்கிற சர்க்கரையும் அதில் அடக்கம். அதனால் சிரப்பே இல்லாத, திராட்சை நிறையப் போட்ட பாக்கெட்டும் மஞ்சள் வாங்கும். உலர்திராட்சையின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான் என்பதால் அதையும் அள்ளிப் போடக் கூடாது.

நான் கிரானோலாவை விட்டு மியூஸ்லிக்கு மாறிவிட்டேன். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதே அலமாரியில்தான் இருக்கும். மியூஸ்லியை ஓவனில் சுடுவதில்லை, அதனால் பாகும் எண்ணெயும் தேவைப்படாது. சூரிச்சில் பிர்ஷர் பென்னர் என்ற மருத்துவர் 1900 வாக்கில் தன் நோயாளிகளுக்காக உருவாக்கியது: ஊறிய ஓட்ஸ் கொஞ்சம், துருவிய ஆப்பிள் நிறைய, கொட்டைகள். வாங்கும்போது "சேர்த்த சர்க்கரை இல்லை" என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மியூஸ்லியிலும் சிலர் சர்க்கரையைத் தூவிவிடுகிறார்கள். ராத்திரியே தயிரில் ஊறவைத்தால் காலையில் நன்றாக இருக்கும். மொறுமொறுப்பு இருக்காது, அது ஒன்றுதான் குறை.

பழைய_ஏடு:
மருத்துவர் பேச்சு வந்ததால் சொல்கிறேன். கிரானோலாவும் மருத்துவச் சாலையில் பிறந்ததுதான். 1863ல் நியூயார்க் மாநிலத்து டான்ஸ்வில்லில் ஜேம்ஸ் காலெப் ஜாக்சன் என்பவர் தன் ஆரோக்கிய நிலையத்தில், தவிடு நீக்காத கோதுமை மாவைச் சுட்டு, உடைத்து, மறுபடி சுட்டுக் கொடுத்தார். கல் மாதிரி இருக்குமாம், ராத்திரி முழுக்கப் பாலில் ஊறவைத்தால்தான் பல்லுக்கு இடம் கொடுக்கும். அப்புறம் மிச்சிகனில் பேட்டில் கிரீக் சானடோரியத்தில் ஜான் ஹார்வி கெல்லாக் கோதுமை, ஓட்ஸ், சோளம் சேர்த்து இதே போன்ற ஒன்றைச் செய்தார். இனிப்புக்கும் இவர்களுக்கும் ஆகாது. இன்றைக்கு நாம் பார்க்கிற தேன், எண்ணெய், தேங்காய், கொட்டை எல்லாம் 1960களில் ஹிப்பிகள் இதைத் தூசு தட்டி எடுத்தபோது சேர்ந்தவை. 1970களில் பெரிய கம்பெனிகள் உள்ளே வந்தன. பழைய ஆரோக்கிய நிலையத்தின் நல்ல பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயர் எவ்வளவு கெட்டியாக ஒட்டியிருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 2016ல் நியூயார்க் டைம்ஸ் அமெரிக்காவில் பொதுமக்களிடமும் ஊட்டச்சத்து நிபுணர்களிடமும் ஒரே பட்டியலைக் கொடுத்துக் கேட்டது. கிரானோலா பார் ஆரோக்கியமானது என்று சொன்ன மக்கள் 71 சதவீதம். நிபுணர்களில் 28 சதவீதம்தான்.

கோவைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. தராசு அண்ணா சொன்ன மாதிரி இன்று காலை அவரையே போடச் சொன்னேன். 105 கிராம்! "இன்னிக்குக் கை கொஞ்சம் தாராளமாப் போயிடுச்சு" என்கிறார். மாமியார் பக்கத்தில் நின்று ஒன்றும் பேசவில்லை, ஆனால் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

இப்போது அவர் புது வாதம் எடுத்திருக்கிறார். வெள்ளைச் சர்க்கரை போடாத, தேனும் நாட்டுச் சர்க்கரையும் போட்ட பாக்கெட் இருக்கிறதாம், அதை வாங்கலாமாம். அது பரவாயில்லையா?

பத்தியம்:
இல்லை மேடம். தேன், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சம்பழச் சிரப், பனைவெல்லம் எல்லாம் ரத்தத்துக்குப் போனால் சர்க்கரைதான். மணம் வேறு, கனிமச்சத்து துளி கூடுதல், அவ்வளவே. ஹெச்பிஏ1சிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அந்தப் பாக்கெட்டின் சேர்த்த சர்க்கரை வரி எவ்வளவு சொல்கிறது என்று அவரையே படிக்கச் சொல்லுங்கள். நான் வைத்திருக்கிற அளவுகோல்: 100 கிராமுக்குச் சேர்த்த சர்க்கரை 5 கிராமுக்குள், நார்ச்சத்து 8க்கு மேல், புரதம் 10க்கு மேல். சட்டப்படியான எண் இல்லை, என் அனுபவத்தில் வைத்துக்கொண்டது. இதில் தேறுகிற பாக்கெட் கடையில் ஒன்றிரண்டு கிடைக்கும், தேட வேண்டும்.

வீட்டில் ஒரு வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் தேன் போட்ட எதையும் ஊட்ட வேண்டாம். சர்க்கரைக்காக இல்லை, பொட்டுலிசம் என்ற நச்சு ஆபத்துக்காக.

தராசு:
வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் வாதமே தேவையில்லை. ஒரு நாள் கிரானோலா, இன்னொரு நாள் இட்லி சாம்பார், மற்றொரு நாள் முட்டையும் ஓட்ஸ் கஞ்சியும். சாப்பிடும் முன்னும், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். அவர் உடம்பு எதற்கு எப்படிக் குதிக்கிறது என்று அவரே பார்க்கட்டும். மனைவி சொன்னால் கேட்காதவர் மெஷின் சொன்னால் கேட்பார்.

பத்தியம்:
நல்ல யோசனை. அன்றாட நடை, தூக்கம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிற நாட்களாகப் பாருங்கள். எண்களை டாக்டரிடமும் காட்டுங்கள்.

டொராண்டோ_அடுப்படி:
கோவைக்காரி அக்கா, கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்யுங்கோ. நான் யாழ்ப்பாணம், இப்ப கனடா. இங்கே குளிருக்கு ஓவன் போட்டால் வீடும் சூடாகும், அதனால் கிழமைக்கு ஒருக்கால் செய்வேன்.

மூன்று கப் ரோல்டு ஓட்ஸ் (உடனடி ஓட்ஸ் வேண்டாம், மாவாகிப் போகும்), ஒரு கப் கச்சானும் (நிலக்கடலை) பாதாமும் கலந்து, அரைக் கப் பூசணி விதை. இதுக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒன்று மசித்து, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு அடித்து, கறுவாத்தூள் (பட்டைத்தூள்) ஒரு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. சீனி, தேன் ஒன்றுமே இல்லை. கட்டியாகப் பிடிக்க வெள்ளைக்கரு போதும், அதுக்காகத்தான் போடுறது. முட்டை சாப்பிடாத வீடென்றால் விட்டுவிடுங்கோ, உதிரியாக வரும்.

தட்டில் மெல்லிசாகப் பரப்பி 150 டிகிரியில் வையுங்கோ. இருபது நிமிஷத்தில் ஒருதரம் திறந்து ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் தள்ளுங்கோ, ஓரம்தான் முதலில் கருகும். பிறகு இன்னும் ஒரு பதினைந்து, இருபது நிமிஷம். எடுக்கும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். தட்டிலேயே தொடாமல் ஆறவிட்டால் மொறுமொறுப்பாகும். சூட்டோடு கிளறினால் எல்லாம் உதிர்ந்துவிடும். உலர்திராட்சை போடுவதென்றால் ஆறிய பிறகு ஒரு கைப்பிடி, ஓவனுக்குள் வைத்தால் அது கருகிக் கசக்கும்.

நெல்லை_அக்கா:
ஓவன் இல்லாத வீட்டுக்கு: அடிகனமான வாணலியில் சின்னத் தீயில் ஓட்ஸைத் தனியாக, கடலையைத் தனியாக, விதைகளைத் தனியாக வறுத்துக் கலந்துவிடுங்கள். ஒன்றாகப் போட்டால் விதை கருகும், கடலை வேகாது. நான் ஓட்ஸ்கூடப் போடுவதில்லை, கேழ்வரகு அவலும் கம்பு அவலும் போடுகிறேன். கேழ்வரகு அவல் சட்டென்று மொறுமொறுப்பாகிவிடும். கையில் எடுத்து நசுக்கினால் பொடியாக வேண்டும், அதுதான் பதம். சூடு ஆறியதும் ஏலக்காய்ப் பொடி தூவி டப்பாவில் அடைத்துவிடலாம்.

தராசு:
காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க் கடையில் 400 கிராம் கிரானோலா பாக்கெட் முந்நூறு ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பதில்லை. ஒரு கிலோ சாதா ஓட்ஸ் அதைவிடக் குறைந்த விலை. வித்தியாசத்துக்குப் பாதாமே வாங்கிவிடலாம்.

சும்மா_வந்தேன்:
நெல்லை அக்கா சொன்னதை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்து பார்க்கிறேன். ஆனால் நான் எதிர்ப்பக்கத்தை விட்டு வரவில்லை. பாக்கெட் கிரானோலாவைத் தயிரின் மேல் இரண்டு ஸ்பூன் தூவிச் சாப்பிடுவதில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா?

பத்தியம்:
எனக்கு இல்லை. சர்க்கரை போடாத கெட்டித் தயிர் ஒரு கிண்ணம், நறுக்கிய கொய்யாவோ ஆப்பிளோ, மேலே கிரானோலா இரண்டு டேபிள் ஸ்பூன். அது சுமார் 15 கிராம் இருக்கும், கோவை பாக்கெட்டாகவே இருந்தாலும் சேர்த்த சர்க்கரை 3 கிராமுக்குள்தான். கடித்துச் சாப்பிடுகிற சுகம் கிடைத்துவிடும். கிரானோலாவைத் தொட்டுக்கொள்கிற இடத்தில் வைத்தால் சண்டையே இல்லை, சோறு இருக்கிற இடத்தில் வைப்பதால்தான் இவ்வளவு பேச்சு.

ரெண்டு_இட்லி:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் பூட்டச் சொல்லியிருக்க மாட்டேனே சார்.

கோவைக்காரி:
வாரக் கடைசியில் டொராண்டோ தங்கச்சி சொன்ன மாதிரி செய்யப் போகிறேன். பாதி ஓட்ஸ், பாதி கேழ்வரகு அவல் போடலாம் என்று இருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். ஆளி விதை வீட்டில் நிறைய இருக்கிறது. அதை அப்படியே முழுசாகப் போடலாமா, பொடி செய்ய வேண்டுமா?

பத்தியம்:
பொடி செய்துதான். முழுசாகப் போட்டால் தோல் கெட்டி, பெரும்பாலும் செரிக்காமல் அப்படியே வெளியே போய்விடும். ஓவனுக்குள் போடாதீர்கள், சாப்பிடுகிற நேரத்தில் ஒரு ஸ்பூன் மேலே தூவிக்கொள்ளுங்கள்.

டொராண்டோ_அடுப்படி:
ஓம், ஒரு கிழமைக்குத் தேவையானதை மட்டும் அரைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கோ அக்கா. வெளியில் கிடந்தால் சிக்கு வாடை வந்துவிடும், அந்த வாடை வந்தால் கொட்டத்தான் வேணும்.